நீரோவை விட்டுவிடுங்கள்

ரோமாபுரி பற்றி எரிகிறது. நீரோ யாழ் மீட்டிப் பாடுகிறான். கிறிஸ்தவர்கள் சிங்கத்துக்கு இரையாகிறார்கள். ‘குவோ வாடிஸ்’ என்ற பழைய சினிமாவை மறுபடியும் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், “என்ன அரக்கன் ஐயா அவன்! அப்படிப்பட்ட பைத்தியங்கள் சிங்காதனம் ஏறியதால்தானே அத்தனை அக்கிரமமும் நடந்தது!” என்று மனம் உருகிப் போனார். உருகி முடித்ததும் நிம்மதியாகக் காப்பி சாப்பிட்டார்.

அந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. நண்பர் மேல் அல்ல. என் தொழிலின் மேல். அந்தப் படத்துக்கு மூலம், போலந்து தேசத்து ஸீன்கீவிச் எழுதி 1896-இல் புத்தகமாக வந்த நாவல். அவர் பெரிய எழுத்தாளர்தான். ஆனாலும் நாவலாசிரியர்களாகிய நாங்கள் எல்லோருமே கொடுமைக்கு ஒரு கோர முகம் தேடுகிறவர்கள். அது கிடைத்துவிட்டால் எங்களுக்கு வேலை சுலபம். வாசகருக்கும் மனச்சாட்சி சுத்தம். ‘நல்ல வேளை, நான் நீரோ இல்லை’ என்று புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம்.

64-ஆம் ஆண்டுத் தீக்குப் பிறகு நீரோ கிறிஸ்தவர்களின் மேல் பழி போட்டு வதைத்தான் என்று டாஸிட்டஸ் எழுதியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. ஆனால் என் தூக்கத்தைக் கெடுக்கிறவன் நீரோ அல்ல. டாஸிட்டஸின் அருமைச் சிநேகிதர் ஒருவர் இருந்தார். இளைய பிளினி என்று பெயர். அவரைத்தான் நினைத்து நான் பயப்படுகிறேன்.

பிளினி கெட்டவரா? சேச்சே! சொந்த ஊரான கோமோவுக்கு நூல்நிலையம் கொடுத்தவர். ஊர்ப் பிள்ளைகள் படிப்புக்காக வெளியூர் போகிறார்களே என்று வருந்தி, உபாத்தியாயர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாமே தருவதாக முன்வந்தவர். வீட்டு அடிமைகள் இறந்தபோது துக்கம் தாளாமல் கடிதம் எழுதியவர். நம் தெருவில் குடியிருந்தால், வாசகசாலை ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க அவரைத்தான் அழைப்போம்.

இந்தப் பெரிய மனிதரைச் சக்கரவர்த்தி டிராஜன், கருங்கடல் கரையிலுள்ள பித்தினியா மாகாணத்துக்குக் கவர்னராக அனுப்பினார். 112-ஆம் ஆண்டை ஒட்டி அங்கிருந்து அவர் சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களை என்ன செய்வது? சிறியவர் பெரியவர் என்று வயது பார்க்கலாமா? மனம் மாறியவனை மன்னிக்கலாமா? கிறிஸ்தவன் என்ற பெயரே குற்றமா, அல்லது அந்தப் பெயரில் செய்யும் காரியங்கள்தாம் குற்றமா?

எவ்வளவு நியாயமான கேள்விகள்! ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தம்மிடம் கொண்டுவரப்பட்டவர்களை, “நீ கிறிஸ்தவனா?” என்று மூன்று தடவை கேட்டாராம். ஆம் என்று சாதித்தவர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பிவிட்டாராம். எதை ஒப்புக்கொண்டார்கள் என்பது எப்படியிருந்தாலும், அந்தப் பிடிவாதத்துக்கே தண்டனை தகும் என்பது அவர் சமாதானம். ஆக, பெயரே குற்றமா என்ற சந்தேகம் மேலிடத்துக்குப் போவதற்கு முன்பே, அந்தப் பெயருக்காகத் தலைகள் போய்விட்டன!

பிறகு யாரோ போட்ட மொட்டைக் கடிதத்தில் ஏராளமான பெயர்கள் வந்தன. மறுத்தவர்கள் சக்கரவர்த்தியின் உருவத்துக்குச் சாம்பிராணியும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்துவிட்டு வீடு போனார்கள். முன்பு கிறிஸ்தவர்களாக இருந்தவர்களிடம் விசாரித்தார். விடியுமுன் கூடிப் பாடுவோம். திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை என்று சத்தியம் செய்வோம். பிறகு சேர்ந்து உண்போம் என்றார்கள். குற்றம் இவ்வளவுதான். பிளினிக்குத் திருப்தி இல்லை. சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து உண்மையைத் தேடினார். மூடபக்தியைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை என்று எழுதி முடித்தார்.

இதில் மதம் எங்கே இருக்கிறது? பயம்தான் இருக்கிறது. அதே மாகாணத்தில் நிக்கோமீடியா நகரம் தீயில் அழிந்தபோது, 150 பேர் கொண்ட தீயணைக்கும் குழு ஒன்று அமைக்கலாமா என்று பிளினி கேட்டிருந்தார். டிராஜன் மறுத்துவிட்டார். எந்தப் பெயரில் ஜனங்கள் கூடினாலும் அது அரசியல் சங்கமாகிவிடும் என்றார். ஊர் எரிந்தாலும் நாலு பேர் சங்கமாகச் சேர்ந்து வாளி தூக்கக் கூடாது என்று நினைத்த சாம்ராஜ்யம், விடியுமுன் கூடிப் பாடியவர்களைச் சும்மா விடுமா?

“அந்தக் காலத்துச் சட்டம் அப்படி, மனிதர் என்ன செய்வார்?” என்றார் நண்பர். இந்த வாதத்தைத்தான் நான் ஒப்ப மாட்டேன். சந்தேகமே இல்லாதவன் கடிதம் எழுத மாட்டான். பிளினிக்குச் சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, தண்டனையைத் தம் கையில் வைத்துக்கொண்டார். டிராஜனின் பதிலும் கண்ணியமானதுதான்: தேடிப் பிடிக்காதே, மொட்டைக் கடிதத்தை ஏற்காதே, ஆனால் நிரூபணமானால் தண்டித்துவிடு. நிரபராதி என்றால் தண்டிப்பானேன், குற்றவாளி என்றால் தேடாமல் விடுவானேன் என்று 197-ஆம் ஆண்டையொட்டி தெர்த்துல்லியன் மடக்கிக் கேட்டார். நல்ல கேள்வி.

கிறிஸ்தவர் கைக்கு அதிகாரம் வந்ததும் நிலைமை மாறியதா? 313-இல் கான்ஸ்டன்டைன் காலத்தில் விடுதலை வந்தது. 380-இல் அதுவே சாம்ராஜ்யத்தின் மதமாயிற்று. 385-ஆம் ஆண்டளவில் பிரிஸில்லியன் என்ற பிஷப்பை, சக பிஷப்புகளே குற்றம் சாட்ட, டிரியர் நகரில் கிறிஸ்தவ அரசன் மாக்ஸிமஸ் கொன்றான். குற்றம், மாந்திரீகம். அங்கேயும் விசாரணை இருந்தது, சித்திரவதை இருந்தது, சட்டப்படி எழுதிய தீர்ப்பு இருந்தது. பாதிரிகளின் வழக்கில் ரத்தம் சிந்தாதே என்று அரசனிடம் மன்றாடியவர் டூர் நகரத்து மார்ட்டின். அவரும் அதே காலத்து மனிதர்தாம். ஆகவே காலத்தின் மேல் பழி போடாதீர்கள்.

பிளினியின் கடிதங்களில் எத்தனையோ பேரின் பெயர்கள் வருகின்றன. கவிகள், செனட்டர்கள், வக்கீல்கள், சீமாட்டிகள். அந்த இரண்டு பெண்களின் பெயர் மட்டும் இல்லை. தம் வீட்டு அடிமைக்காகக் கண்ணீர் விட்ட கை, அவர்களுக்கு ஒரு பெயரைக்கூட எழுதவில்லை. நான் நாவல் எழுதுவதானால் அந்தப் பெண்களில்தான் தொடங்குவேன்.

நண்பர் தலையை ஆட்டினார். “இதைப் படமாக எடுத்தால் ஓடாதே ஐயா! சிங்கம் இல்லை, தீ இல்லை, வில்லன்கூட இல்லை!”

“ஓடாதுதான்” என்றேன். “நீரோவாக ஆவது நம்மில் யாராலும் முடியாது. பிளினியாக ஆவதற்கு ஒரு நல்ல உத்தியோகமும், அழகாகக் கடிதம் எழுதத் தெரிவதும் போதும். அதைப் பார்க்க யார் ஐயா டிக்கட் வாங்குவார்கள்?”