பினைன் என்றால் ஒன்றுமில்லையா?

ஆங்கிலத்தில் 'பினைன்' என்று ஒரு சொல். அகராதியைப் புரட்டினால் மென்மையான, கனிவான, தீங்கற்ற என்று நல்ல அர்த்தமாகவே வரும். இதன் மூலம் லத்தீன். 'நன்று', 'பிறப்பு' என்ற இரண்டும் சேர்ந்து உண்டானது. நல்ல பிறப்பு, அதனால் நல்ல குணம்! கனிவான சிரிப்புக்கும் இதே சொல், இதமான வானிலைக்கும் இதே சொல்.

இந்தச் சாதுவான சொல் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புகிறார்கள். ரிப்போர்ட்டில் 'பினைன்' என்று வருகிறது. டாக்டரும் அதையே சொல்கிறார். குடும்பமே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. புற்றுநோய் இல்லை என்பது பெரிய செய்திதான், சந்தேகமில்லை. ஆனால் டாக்டர் சொன்னதும் நோயாளி புரிந்துகொண்டதும் ஒன்றா?

டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். கட்டி பக்கத்துத் திசுக்களை ஊடுருவாது. வேறு உறுப்புகளுக்குப் பரவாது. வளராது என்றோ தொல்லை தராது என்றோ அந்தச் சொல் வாக்குக் கொடுக்கவில்லை. நோயாளி புரிந்துகொண்டதோ, "ஒண்ணுமில்லை, இனி வர வேண்டாம்" என்று!

மூளையின் உறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் பினைன் வகைதான். ஆனால் மண்டையோடு விரிந்து கொடுக்காதே! கட்டி வளர வளர மூளையை அழுத்தும். வலிப்பு வரலாம், பார்வை மங்கலாம். கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டும் பினைன்தான். மாதாமாதம் அதிக உதிரப்போக்கு ஏற்பட்டு ரத்தசோகையில் சோர்ந்து போகும் பெண்ணிடம் அது தீங்கற்றது என்று சொல்ல முடியுமா? பெருங்குடலில் வரும் அடினோமா பாலிப் இன்றைக்கு பினைன். அவற்றில் சில, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடும். அதனால்தான் கண்டதுமே அகற்றிவிடுகிறார்கள்.

இந்தச் சொல் மருத்துவர்களையே ஏமாற்றியதும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மெதுவாக ஏறும் ரத்த அழுத்தத்துக்கு 'பினைன்' என்று பெயர் வைத்து, அதனால் பெரிய ஆபத்தில்லை என்று நினைத்தவர்கள் பலர். அதைக் குறைக்க நல்ல மருந்துகளும் அன்று இல்லை. பல ஆண்டுகள் உயர் ரத்த அழுத்தத்தோடு வாழ்ந்த அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1945 ஏப்ரல் 12 அன்று மூளை ரத்தக்கசிவால் இறந்தார். அந்த 'சாது' ரத்த அழுத்தம்தான் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வழி என்பது பிற்கால ஆய்வுகளில் உறுதியானது.

தமிழில் நிலைமை இன்னும் மோசம். 'தீங்கற்ற கட்டி' என்றே எழுதுகிறார்கள். ஆங்கிலச் சொல் புரியாதவராவது "அப்படின்னா என்ன டாக்டர்?" என்று கேட்பார். தீங்கற்றது என்று தமிழில் சொன்னபின் கேட்க என்ன இருக்கிறது? அதற்குப் பதில் 'புற்றல்லாத கட்டி' என்று சொல்லலாமே! எது இல்லையோ அதை மட்டும் சொல்லும். மீதிக் கேள்விகளுக்கு இடம் விடும்.

நோயாளியைப் பயமுறுத்த வேண்டியதில்லை. பல பினைன் கட்டிகள் ஆயுள் முழுக்கச் சும்மாவே இருக்கும். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடியக்கூடாது. எங்கே இருக்கிறது? வளருமா? மறுபடி எப்போது காட்ட வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு விடும் பெருமூச்சுதான் முழு நிம்மதி.