கோப்பை கல்லூரிக்கு, முழங்கால் யாருக்கு?

கூடுவாஞ்சேரியில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பொத்தேரி. இறங்கினால் எஸ்.ஆர்.எம். வளாகம். நன்றாக வாலிபால் ஆடும் ஏழைப் பெண்ணுக்கு இப்படிப்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களில் ஃபீஸ் இல்லாமல் படிக்க வாய்ப்பு உண்டு. நல்ல விஷயம். சிலர் உடனே ‘எல்லாம் விளம்பரம்’ என்பார்கள். இருக்கட்டுமே! விளம்பரத்தில் ஒரு பெண் டிகிரி வாங்கினால் எனக்கென்ன நஷ்டம்?

என் சண்டை வேறு.

நான் பி.காம். படித்தவன். ஒரு செலவைப் பார்த்தால் அது எந்தத் தலைப்பில் எழுதப்பட்டது என்றுதான் முதலில் கேட்பேன். உதவித்தொகை என்று எழுதினால் அது அந்தப் பெண்ணின் உரிமை. விளம்பரம் என்று எழுதினால், பலன் தராத அன்றைக்கு நிறுத்திவிடலாம். இரண்டாம் வருஷம் அவள் முழங்கால் சவ்வு கிழிந்தால் மூன்றாம் வருஷ ஃபீஸை யார் கட்டுவது? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டா நம் வீட்டுப் பெண்கள் சேர்கிறார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது, போட்டி. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் ஆட்டங்களில் சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற பழைய பல்கலைக்கழகம், தன் கீழுள்ள பல கல்லூரிகளிலிருந்து பெண்களைப் பொறுக்கி, கொஞ்ச நாள் முகாம் போட்டு அனுப்பும். நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ ஒரே விடுதி, ஒரே மைதானம், ஒரே கோச் என்று வருஷம் முழுக்க அணியைத் தயார் செய்ய முடியும். இருவரும் ஒரே வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறார்கள். விதிப்படி சரி. நியாயப்படி?

நாடு முழுக்க இதுதான் போக்கு. விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கான மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையை அதிக முறை வாங்கியது அமிர்தசரஸின் குருநானக் தேவ் பல்கலைக்கழகம், அரசுடையது. 2024-ம் ஆண்டுக்கான கோப்பை சண்டிகர் பல்கலைக்கழகத்துக்குப் போனது. தனியார் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் முறை. இரண்டாம் இடமும் தனியாருக்கே. குருநானக் தேவ், மூன்றாவது.

அமெரிக்காவில் பெண்கள் லக்ராஸ் என்று ஓர் ஆட்டம். நுனியில் வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிவார்கள். அங்கே முதல்நிலைக் கல்லூரி அணி ஒன்று, எவ்வளவு பணக்காரக் கல்லூரியாக இருந்தாலும், 12 முழு உதவித்தொகைக்கு மேல் தரக்கூடாது என்று வரம்பு இருந்தது. 2025-ல் ஒரு வழக்கின் சமரசத்தில் அந்த வரம்பு போய்விட்டது. சமரசத்தில் சேர்ந்த கல்லூரி, அணியில் 38 பேர் வரை வைத்து அத்தனை பேருக்கும் முழு உதவி தரலாம். பெண்களுக்கு லாபம்தான். சின்னக் கல்லூரிக்கு? ஜெயிக்க வேண்டுமானால் பர்ஸைத் திற என்று அர்த்தம்.

ஆனால் அங்கே இன்னும் இரண்டு காவல் இருக்கின்றன. 1972-ம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டப்படி விளையாட்டு உதவித்தொகையில் பெண்களுக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற பங்கு தர வேண்டும். 1994-ல் வந்த சட்டப்படி ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று கல்லூரி வருஷா வருஷம் கணக்கை வெளியிட வேண்டும். நம்மூரில் எந்தக் கல்லூரியின் கணக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

இங்கே வரம்பு போடச் சொல்லமாட்டேன். போட்டால் முதலில் அடிபடுவது ஏழைப் பெண்தான். மேலே இருப்பவரை இழுக்க வேண்டாம், கீழே இருப்பவரைத் தூக்குங்கள். அது அரசின் வேலை.

அரசு என்ன செய்கிறது? ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் பள்ளிப் பெண்ணுக்குச் சோறு போட்டு, கோச் வைத்து, பிளஸ் டூ வரை வளர்க்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் என்கிறது. அந்த ஒதுக்கீடு சீட்டைத் தரும், ஃபீஸைக் கட்டாது. கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்திலேயே மேலக்கோட்டையூரில் ஒரு விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. இத்தனையும் செய்துவிட்டு, கல்லூரி வாசலில் பெண்ணைத் தனியாக விட்டால் எப்படி? நாற்று நட்டவர் அறுவடை அன்று வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிற கதை.

செய்ய வேண்டியது மூன்றே மூன்று. ஒன்று, விளையாட்டில் இடம் தரும் எந்தக் கல்லூரியும் படிப்பு முடியும்வரை உதவி உண்டு, காயம் பட்டாலும் உண்டு என்று எழுதித் தர வேண்டும். இரண்டு, ஆண் பெண் அணிகளுக்கான செலவுக் கணக்கை வருஷா வருஷம் வெளியிட வேண்டும். மூன்று, அரசு உதவி அந்தப் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கே போனது இல்லையா? அதே வழி. பணம் அவள் கையில் இருந்தால் அரசு கல்லூரியா, தனியாரா என்பதை அவளே தீர்மானிப்பாள். கல்லூரி அவளைப் பொறுக்கும் நிலை போய், அவள் கல்லூரியைப் பொறுக்கும் நிலை வரும்.

உங்கள் வீட்டுப் பெண் ஜூனில் கல்லூரி சேரப் போகிறாளா? ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா, ஃபீஸ் கிடையாது’ என்று சந்தோஷமாக வந்து சொல்கிறாளா? இனிப்பு வாங்குங்கள். கூடவே கல்லூரி அலுவலகத்தில் ஒரு காகிதமும் கேட்டு வாங்குங்கள். முழங்கால் போனாலும் படிப்பு உண்டு என்று அதில் எழுதியிருக்கட்டும். எழுதித் தரத் தயங்குகிறார்களா? அப்படியானால் அவர்கள் சேர்த்துக்கொண்டது உங்கள் பெண்ணை அல்ல, அவள் முழங்காலை.