தறி பள்ளிக்கு வரட்டும்! பிள்ளை தறிக்குப் போக வேண்டாம்!

காஞ்சிபுரம் பட்டுச் சேலையைத் தெரியாதவர் யார்? கல்யாணம் என்றதும் முதலில் வரும் பேச்சு அதுதான். கடையில் விரித்துப் போட்டால் கண் எடுக்க முடியாது.

அந்தச் சேலைக்குள் ஒரு பள்ளிக்கூடமே ஒளிந்திருக்கிறது. அது எத்தனை பேருக்குத் தெரியும்?

கணக்கு இருக்கிறது. விஞ்ஞானம் இருக்கிறது. சரித்திரம் இருக்கிறது. கம்ப்யூட்டரின் அரிச்சுவடிகூட இருக்கிறது!

6ஆம் வகுப்பு முதல் 10ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, இவற்றைக் கொண்டே பாடம் சொல்லிக் கொடுத்தால் என்ன? இதுவே இன்று நாம் பேச வேண்டிய விஷயம்.

ஆபத்தான வயது

11 வயது முதல் 15 வயது வரை உள்ள காலம் பொல்லாத காலம். பிள்ளை படிப்பில் நிலைக்குமா, பாதியில் நின்றுவிடுமா என்பது அப்போதுதான் முடிவாகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது. 14 வயது தாண்டியதும் அந்தச் சட்டத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. வீட்டில் பேச்சு மாறுகிறது.

"படித்து என்ன ஆகப் போகிறது? தறியில் உட்கார்ந்து ஒரு கை கொடுக்கட்டுமே!"

இந்தப் பேச்சுக்குக் காரணம் உண்டு. காஞ்சிபுரம் சேலையின் பெருமையே கோர்வைதான். சேலையின் உடல் ஒரு நிறம்; கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நூலால் நெய்து, நெய்யும்போதே கோத்துவிடுவார்கள். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஓர் ஆளால் அது ஆகாது. பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும்.

அந்த இன்னோர் ஆள் பெரும்பாலும் யார்? சிறு பிள்ளை!

1990களில் காஞ்சிபுரம் வட்டாரத் தறிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இப்படி உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையின் உழைப்பே ஈடாகப் போயிற்று. பிறகு அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் பெருமுயற்சி செய்து, ஏராளமான பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பின.

ஆனால், ஓட்டை முழுவதும் அடைபடவில்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். அதிலேயே ஒரு விலக்கும் வைத்தார்கள். பள்ளி நேரம் போக, விடுமுறை நாளில், சொந்தக் குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை உதவலாமாம்! வீட்டுக்குள் தறி இருக்கும் ஊரில் இந்த விலக்கு எங்கே கொண்டுபோய் விடும்? தாய்மார்களே, நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பிள்ளை நின்றுபோவதற்கு வறுமை மட்டும் காரணமல்ல. பாடம் புரியாததும் ஒரு காரணம். புரியாத வகுப்பில் எட்டு ஆண்டு உட்கார்ந்த பிள்ளைக்கு ஒன்பதாவது ஆண்டு போக மனம் வருமா?

1953ல் நடந்தது

"தறியைக் கொண்டு பாடமா? இது பழைய குலக்கல்வி அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

1953ஆம் ஆண்டு ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஆரம்பப் பள்ளிகளில் ஒரு திட்டம் வந்தது. பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் தகப்பனாரின் தொழில். நாடே கொதித்தது. நெசவாளி மகன் நெசவாளி, வண்ணார் மகன் வண்ணார் என்று சாதியைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு இது என்று எதிர்த்தார்கள். 1954ல் காமராஜர் முதலமைச்சரானார். திட்டம் கைவிடப்பட்டது.

அது கைவிடப்பட்டது சரியே. நாம் சொல்வது அதற்கு நேர் எதிரானது.

அந்தத் திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து தறிக்கு அனுப்பியது. நாம் தறியைப் பள்ளிக்கு அழைக்கிறோம். அங்கே தகப்பன் தொழிலை மகன் கற்றான். இங்கே எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கணக்கும் விஞ்ஞானமும் கற்பார்கள். நெசவாளியின் மகள் என்ஜினீயர் ஆகட்டும், டாக்டர் ஆகட்டும். அதற்கு ஏணியாகத் தறி உதவட்டும்!

சரி, எப்படிச் சொல்லிக் கொடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஊர்ப் பெயரே தமிழ்ப் பாடம்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர் திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயில் கொண்ட திவ்விய தேசம். சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம்.

புள் என்றால் பறவை. புள் + குழி என்பது புட்குழி ஆயிற்று. 'ள்' ஏன் 'ட்' ஆனது? நாள் + குறிப்பு நாட்குறிப்பு ஆனது போலத்தான். முள் + செடி முட்செடி ஆனது போலத்தான். புணர்ச்சி இலக்கணம் என்றாலே பிள்ளைகள் பயந்து ஓடுவார்கள். பஸ்ஸின் பெயர்ப் பலகையிலேயே அந்த இலக்கணம் இருக்கிறது என்று காட்டினால் ஓடுவார்களா?

"உங்கள் ஊர்ப் பெயரைப் பிரித்து எழுதி வாருங்கள்" என்று ஆசிரியர் சொல்லட்டும். பிள்ளைகள் பாட்டி தாத்தாவைக் கேட்பார்கள். வீடு முழுவதும் இலக்கணம் படிக்கும்!

சேலையில் கணக்கு

ஒரு பழைய பட்டுத் துணியும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். ஓர் அங்குல அகலத்தில் எத்தனை பாவு இழை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

100 இழை என்று வைத்துக்கொள்வோம். சேலையின் அகலம் 48 அங்குலம். மொத்தம் 4,800 இழை. ஒவ்வோர் இழையும் 6 கஜ நீளம். அப்படியானால் 28,800 கஜம்! கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 26. ஒரு சேலையின் பாவு நூலை ஒரே இழையாக நீட்டினால், காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூரை நெருங்கிவிடும்!

பெருக்கலும் அலகு மாற்றமும் இனி மறக்குமா?

சதவீதமும் இருக்கிறது. கச்சாப் பட்டில் ஒரு வகைப் பசை உண்டு. சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீரில் கொதிக்க வைத்தால் பசை போய்விடும், பளபளப்பு வரும். ஆனால் எடை நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு குறைந்துவிடும். ஒரு கிலோ கச்சாப் பட்டு வாங்கினால் கைக்கு வருவது எவ்வளவு? கூலிக்கு நெய்பவர் எடைக்கணக்கில் ஏமாறாமல் இருக்க இந்தச் சதவீதம் தெரிய வேண்டும் அல்லவா?

ஜரிகையில் விஞ்ஞானம்

ஜரிகை எப்படிச் செய்கிறார்கள்? பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றுகிறார்கள். அதற்குத் தங்க முலாம் பூசுகிறார்கள். இதற்கென்றே தமிழ்நாடு ஜரிகை ஆலையை 1971ல் காஞ்சிபுரத்தில் அரசாங்கம் நிறுவியது.

முலாம் பூசுவது மின்சாரத்தின் வேலை. அதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். தண்ணீரில் கொஞ்சம் மயில்துத்தம் கரையுங்கள். டார்ச் பேட்டரியின் நேர்முனையில் ஒரு செம்புக் கம்பி. எதிர்முனையில் பென்சிலின் கரிக் குச்சி. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் கரைசலில் நிற்கட்டும். சிறிது நேரத்தில் கரிக் குச்சியின்மேல் செம்பு படிவதைக் காணலாம்.

ஓர் எச்சரிக்கை! மயில்துத்தம் விஷம். ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். கையை நன்றாகக் கழுவ வேண்டும். வீட்டில் பிள்ளைகள் தனியே செய்யக் கூடாது.

அட்டையும் கம்ப்யூட்டரும்

தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் மாலை போலத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஜக்கார்டு. பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு, 1804ஆம் ஆண்டு வாக்கில் இந்த முறையை உருவாக்கினார்.

துளை இருந்தால் நூல் மேலே எழும். துளை இல்லாவிட்டால் எழாது. இவ்வளவுதான் சூத்திரம்! மயிலும் மாங்காயும் யானையும் இதிலேயே பிறக்கின்றன.

இந்த முறையைக் கண்டுதான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்கும் துளை அட்டை வேண்டும் என்று திட்டமிட்டார். அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கையும் துளை அட்டை வைத்தே கூட்டினார்கள். துளை உண்டு, துளை இல்லை; ஒன்று, பூஜ்யம். இன்றைய கம்ப்யூட்டரின் மொழியும் இதே ஒன்றும் பூஜ்யமும்தான்.

கட்டம் போட்ட தாளில் ஒரு கோலத்தை வரையச் சொல்லுங்கள். நிறைந்த கட்டத்துக்கு 1. வெற்றுக் கட்டத்துக்கு 0. வரிசை வரிசையாக எண்களை எழுதி அடுத்த பிள்ளையிடம் கொடுக்கட்டும். அந்தப் பிள்ளை, படத்தைப் பார்க்காமலே கோலத்தைப் போட வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத பள்ளியிலும் கம்ப்யூட்டர் பாடம் நடக்கும்!

கல்வெட்டில் தேர்தல்

பாவு நூல் நம்மை உத்திரமேரூர் வரை கொண்டுவந்து விட்டது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த விதிகளை அவை சொல்கின்றன. 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். சொந்த நிலமும் வீடும் வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை.

வகுப்பிலே ஒரு குடம் வையுங்கள். பெயர் எழுதிய சீட்டுகளைப் போட்டு வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விவாதம் நடக்கட்டும். நிலம் இல்லாதவனுக்கு ஏன் இடமில்லை? பெண்களுக்கு ஏன் இல்லை? இன்றைய வாக்குரிமை எப்படி வேறுபட்டது? பிள்ளைகளே பதில் தேடட்டும்.

கேள்வி கேட்பதைக் கண்டு ஆசிரியர் கோபிக்கக் கூடாது. திருப்புட்குழியிலேதான் யாதவப்பிரகாசரிடம் இராமாநுசர் பாடம் கேட்டார் என்பது வைணவ மரபு. குரு சொன்ன பொருள் சரியாகப் படவில்லை. மாணவர் தம் கருத்தை எடுத்துச் சொன்னார். குருவுக்குப் பொறுக்கவில்லை, இருவரும் பிரிய நேர்ந்தது என்பார்கள். ஊர் அந்த மாணவரைத்தான் போற்றுகிறது!

செலவு எவ்வளவு?

இவற்றுக்குப் பெரிய பணம் வேண்டாம். பழைய துணி, கிழிந்த அட்டை, ஒரு குடம், ஒரு பேட்டரி. அவ்வளவுதான்.

அரசாங்கம் தரும் வசதிகளையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். 2018 முதல் வந்த பாடநூல்களில் கியூ.ஆர். குறி அச்சிட்டிருக்கிறார்கள். கைப்பேசியை அதன்மேல் காட்டினால் பாடத்தின் படமும் விளக்கமும் வரும். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானச் சோதனை செய்து காட்ட 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது.

காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. காமராஜர் ஆட்சியில் கல்வி இயக்குநராக இருந்தார். அவர் 1958ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள், நிலமும் கொடுத்தார்கள். அன்று பொருள் கொடுத்த ஊர்கள் இன்று ஒரு மணி நேரம் கொடுக்கக் கூடாதா?

மூன்று நிபந்தனைகள்

ஒன்று: பள்ளிக்கு வரும் தறி, பாடத்துக்கு மட்டுமே. பிள்ளைகள் விற்பனைக்கு ஓர் அங்குலம்கூட நெய்யக் கூடாது.

இரண்டு: எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் எல்லாரும் எல்லாப் பாடமும் கற்க வேண்டும்.

மூன்று: பாடம் சொல்ல வரும் நெசவாளரை நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். "ஐயா" என்று அழைக்க வேண்டும். அவர் ஒரு நாள் கூலியை இழந்து வருகிறார். அந்தக் கூலியைப் பள்ளி மேலாண்மைக் குழு கொடுக்க வேண்டும்.

தன் தகப்பனார் வகுப்பில் நின்று பேசுவதையும், கணக்கு வாத்தியார் அதைக் கவனித்துக் கேட்பதையும் ஒரு பிள்ளை பார்க்கட்டும். தன் வீட்டிலும் அறிவு இருக்கிறது என்று அந்தப் பிள்ளை தலை நிமிரும். தகப்பனாருக்கும், பள்ளி நமக்கு அந்நியமான இடமல்ல என்ற எண்ணம் பிறக்கும். "படித்து என்ன ஆகப் போகிறது?" என்ற பேச்சு அந்த வீட்டில் எழாது.

ஆசிரியர்களே! வரும் வாரம் ஒரு நெசவாளரை வகுப்புக்கு அழையுங்கள்.

பெற்றோர்களே! கோர்வைக்கு இரண்டாவது ஆள் தேவைதான். கூலி கொடுத்துப் பெரியவர் ஒருவரை வையுங்கள். அதற்குக் கட்டுப்படியாகும் விலையைச் சேலைக்குக் கொடுப்பது வியாபாரிகளின் கடமை; வாங்கிக் கட்டும் நம் எல்லாருடைய கடமையும்கூட.

பிள்ளையின் கையில் நாடா வேண்டாம். புத்தகம் இருக்கட்டும்!