ஐப்பசிக்கு முன்னால் ஒரு ரப்பர் பட்டை

"ரசப்பொடியும் கைக்குழந்தைக்குக் கஷாயமும் எழுதிக்கொண்டிருந்தவள், திடீரென்று மோட்டார் மெக்கானிக் ஆகிவிட்டாளே!" என்று புருவத்தை உயர்த்தாதீர்கள், சகோதரிகளே. இந்தத் தடவை நான் எழுதப்போவது கார் வைப்பரைப் பற்றி. ஆமாம், முன் கண்ணாடியில் மழைத் தண்ணீரைத் துடைக்கிறதே, அதே வைப்பர்தான். எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

போன வருஷம் ஐப்பசி மாசம். நாகூரில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுக் காரைக்காலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மருமகள் வண்டி ஓட்டினாள். பின் சீட்டில் நான், என் மடியில் மூன்று வயசுப் பேரன். பையனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. டாக்டர் வீடு சாத்துவதற்குள் போய்ச் சேரவேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. வாஞ்சூர் தாண்டினோமோ இல்லையோ, மழை பிடித்துக்கொண்டது.

வைப்பரைப் போட்டாள். அது 'கர்... கர்...' என்று சத்தம் போட்டுக்கொண்டே ஆடியது. தண்ணீர் போகவில்லை. எண்ணெய்க் கையால் கண்ணாடியைத் தடவினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு திரை. எதிரே வந்த லாரியின் விளக்கு அந்தத் திரையில் பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது.

"அத்தை, எனக்கு ரோடே தெரியல!" என்று பதறினாள். நல்லவேளை, சொல்லும்போதே பிரேக்கையும் மிதித்துவிட்டாள்.

வண்டி நின்ற இடத்துக்கு ஒரு முழம் முன்னால், தலையில் மீன் கூடை, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திய ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் வந்து, "ஏம்மா, கண்ணு தெரியாமயா வண்டி ஓட்டுறீங்க?" என்று கேட்டார். கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் நிஜம் அதுதானே? அன்றைக்கு எங்களுக்குக் கண் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, மழை தணியும்வரை ஓரமாக நின்றிருந்து, பிறகு ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தோம். பையனுக்குச் சாதாரண ஜுரம்தான், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. எனக்குத்தான் அந்த அம்மாளின் முகம் ரொம்ப நாள் தூக்கத்தில் வந்தது.

மறுநாள் மெக்கானிக் தம்பி பிளேடைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "தொட்டுப் பாருங்கக்கா" என்றார். ரப்பர் காய்ந்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி விறைத்துக் கிடந்தது. ஓரத்தில் வெடிப்பு. ஒரு மூலையில் கிழிந்து தொங்கியது. "இத எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வண்டி வாங்கின நாளிலிருந்து அதே பிளேடுதான்!

நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் ஆண்பிள்ளைகள் வளைகுடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். வாசலில் நிற்கிற வண்டி பெண்கள் பொறுப்பு. பெட்ரோலும் காற்றும் பார்க்கிறோம். வைப்பரை மழை வந்த பிறகுதான் நினைக்கிறோம்.

ஏன் கெடுகிறது?

வைப்பர் பிளேடு காய்கறி மாதிரி அழுகிற சாமான் இல்லைதான். ஆனாலும் அதற்கும் ஆயுசு உண்டு. கண்ணாடியைத் தொடுவது ரப்பரின் மெல்லிய உதடு. அதன் ஓரம் கத்தி மாதிரி நேராகவும் கூர்மையாகவும் இருக்கவேண்டும். கை இந்தப் பக்கம் போகும்போது உதடு அந்தப் பக்கம் சாயும். திரும்பும்போது மறுபக்கம் புரளும். ரப்பர் விறைத்துவிட்டால் புரள முடியாது. அதனால்தான் 'கர் கர்' என்று குதிக்கிறது.

வெயிலும் காற்றும் ரப்பரை விறைக்க வைக்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் வாசலில் நின்றே அது பாதி செத்துவிடும். வண்டியை உபயோகிக்காவிட்டாலும் கெடும். இதை முக்கியமாக மனசில் வையுங்கள். "நான் எங்கே ஓட்டுகிறேன், மாசத்துக்கு இரண்டு தடவைதானே!" என்கிற சமாதானம் இங்கே செல்லாது.

கடலோரத்தில் இருக்கிற நமக்கு இன்னொரு தொல்லை. ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதும் உப்பு ஜாடி நசநசப்பதும் உங்களுக்குத் தெரியாததா? அதே உப்புக்காற்று கார் கண்ணாடியிலும் மெல்லிய படலமாகப் படிகிறது. அதன்மேல் மணலும் தூசியும் ஒட்டிக்கொள்கின்றன. காலையில் தண்ணீர் விடாமல் வைப்பரைப் போட்டால், உப்புத்தாளால் கண்ணாடியைத் தேய்த்த கதைதான். கண்ணாடியும் கீறும், ரப்பரும் போகும்.

சாதாரணமாக ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம்வரை ஒரு பிளேடு நன்றாக உழைக்கும். நமக்கு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை. அதனால் புரட்டாசிக் கடைசியில் வருஷம் ஒரு தடவை மாற்றிவிடுங்கள். ஐப்பசி அடைமழைக்கும் கார்த்திகை கனமழைக்கும் புது ரப்பர் தயாராக இருக்கும். வாங்கிப் பரணில் போட்டு வைக்காதீர்கள், அங்கேயும் அது கெடும்.

வியாதி எது என்று கண்டுபிடியுங்கள்

உடனே கடைக்கு ஓடவேண்டாம். கண்ணாடியில் விழுகிற கோடே வியாதியைச் சொல்லும்.

மெல்லிய கோடு கோடாகத் தண்ணீர் நின்றால் ரப்பரில் அழுக்கு, அல்லது சிறு வெட்டு. ஈரத்துணியால் உதட்டை அழுந்தத் துடைத்துப் பாருங்கள். துணியில் வரும் கறுப்பைப் பார்த்தால் அசந்துபோவீர்கள்! துடைத்தும் கோடு விழுந்தால் மாற்றத்தான் வேண்டும்.

அகலமாக ஒரு பட்டை துடைக்கப்படாமலே இருந்தால், பிளேடு வளைந்திருக்கலாம். அல்லது வைப்பர் கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கையில் கோளாறு என்றால் புது பிளேடு போட்டும் பிரயோஜனமில்லை. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

துடைத்த உடனே புகை மாதிரி ஒரு படலம் வந்தால், குற்றம் கண்ணாடியில். எண்ணெய்ப் பிசுக்கு, வண்டி கழுவும்போது போட்ட மெழுகு, மரத்துப் பிசின் என்று ஏதோ ஒன்று. பாத்திரம் தேய்க்கிற திரவம் இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, நிறைய நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

கடைசியாக ஒன்று. விரலால் உள்பக்கம் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அது உள்ளே இருப்பவர்களின் மூச்சு படிந்த ஆவி. பாவம், வைப்பர் என்ன செய்யும்? ஏ.சி.யைப் போட்டுக் காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள், போய்விடும்.

வாங்கும்போது

தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். இரண்டு பிளேடையும் தனித்தனியே அங்குலத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் பக்கத்துப் பிளேடு நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருக்கும். "கொஞ்சம் நீளமாக வாங்கினால் கூடுதலாகத் துடைக்குமே" என்று நினைக்கவேண்டாம். ஒன்றோடொன்று இடிக்கும், அல்லது கண்ணாடி ஓரத்தில் மோதும். கையின் அழுத்தமும் பரவிப்போய்த் துடைப்பு மோசமாகும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் சரியான அளவு போட்டிருக்கும். பின் கண்ணாடியில் வைப்பர் இருந்தால் அதையும் மறக்காதீர்கள்.

அடுத்தது கொக்கி. பிளேடு கையில் மாட்டுகிற இடம் பல வண்டிகளில் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். சிலவற்றில் வேறு மாதிரி. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரருக்கும் சுலபம், உங்களுக்கும் இரண்டாம் நடை மிச்சம்.

பிளேடில் மூன்று ஜாதி உண்டு. இரும்புச் சட்டத்தில் பல இடங்களில் ரப்பரைப் பிடித்திருப்பது பழைய மாடல். விலை குறைவு. நன்றாகவே துடைக்கும். ஆனால் உப்புக்காற்றில் மூட்டுகள் துருப்பிடித்து இறுகிவிடும். இரண்டாவது, வெளியே சட்டமே தெரியாத தட்டைப் பிளேடு. உள்ளே ஒரு வளைந்த எஃகுப் பட்டை இருந்து ரப்பரை முழு நீளத்துக்கும் அழுத்தும். வெளியே மூட்டுகள் இல்லாததால் கடலோரத்துக்கு ஏற்றது. ஒரே குறை, அதன் வளைவு உங்கள் கண்ணாடியின் வளைவோடு ஒத்துப்போகவேண்டும். இல்லாவிட்டால் நுனிகள் தூக்கிக்கொள்ளும். மூன்றாவது, சட்டமும் அதன்மேல் பிளாஸ்டிக் மூடியும் சேர்ந்தது. விலை அதிகம்.

பழைய சட்டம் துருவில்லாமல் நன்றாக இருந்தால் ரப்பரை மட்டும்கூட மாற்றலாம். எல்லா மாடலுக்கும் கிடைக்காது, கேட்டுப் பாருங்கள். சிலிகான் ரப்பர் என்று ஒன்று வருகிறது. விலை கூடுதல், வெயிலை அதிகம் தாங்கும். கண்ணாடி சுத்தமாக இருந்தால்தான் அதுவும் சத்தம் போடாமல் உழைக்கும்.

கடை வாசலில் வெயிலில் தொங்குகிற பாக்கெட்டை வாங்காதீர்கள். உள்ளே இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பாக்கெட்டில் அதிகபட்ச விலை, தயாரித்தவர் விலாசம், மாசம், வருஷம் எல்லாம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்கட் பாக்கெட்டில் பார்க்கிறோமே, அதே மாதிரிதான். ரப்பரை விரலால் தடவினால் வழவழப்பாகவும் ஓரம் நேராகவும் இருக்கவேண்டும். நெளிவு இருந்தால் வேண்டாம்.

மாட்டும்போது

நீங்களே மாட்டலாம், பத்து நிமிஷ வேலை. முதலில் கண்ணாடிமேல் ஒரு தடித்த துண்டை விரித்துக்கொள்ளுங்கள். பிளேடு இல்லாத இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் படீரென்று விழுந்தால் கண்ணாடியே விரிசல் விட்டுவிடும்! கையைத் தூக்கி நிறுத்தி, சின்னத் தாழை அழுத்திப் பழையதைக் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். புதியதைக் 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை நுழையுங்கள். ரப்பர்மேல் பாதுகாப்புக்காக ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். அதைக் கழற்றாமலே ஓட்டிவிட்டு, "புது வைப்பரும் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. கண்ணாடியில் தண்ணீர் விட்டுப் பரீட்சித்துப் பாருங்கள். காய்ந்த கண்ணாடியில் ஓட்டவே கூடாது.

அப்புறம் வாரம் ஒரு முறை, வீடு துடைக்கிற அன்றைக்கே, ஈரத்துணியால் ரப்பரை ஒரு இழுப்பு. மண்ணெண்ணெய், பெட்ரோல், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் கண்ணாடியில் பிசுக்காகும். கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற டப்பாவில் உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள். குழாய் அடைத்துக்கொள்ளும், கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழும். குடிக்கிற தண்ணீரே ஊற்றலாம்.

பாதி வழியில் வைப்பர் படுத்துவிட்டால்? பழைய லாரி டிரைவர்கள் பீடியைப் பிரித்துப் புகையிலையைக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்ப்பதும் உண்டு. தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்தோடும். கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். ஓரங்கட்டி நிற்பதுதான் உத்தமம். அதோடு, நல்ல வைப்பர் இருக்கிறதே என்று புயல் காற்றில் கிளம்பிவிடாதீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரை கடந்ததே, அந்த மாதிரிக் காற்றுக்கு எந்தப் பிளேடும் ஈடுகொடுக்காது. வீட்டில்தான் இருக்கவேண்டும்.

ஒரு சந்தோஷ சமாசாரமும் சொல்கிறேன். இந்த வைப்பருக்கு ஆரம்பத்திலேயே காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் நம்மைப் போல ஒரு பெண்மணி. அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன். நியூயார்க்கில் பனி கொட்டுகிற நாளில் டிராமில் போனபோது, டிரைவர் வழி தெரியாமல் கண்ணாடியைத் திறந்துவைத்துக் குளிரில் நடுங்குவதைப் பார்த்தாராம். உள்ளே இருந்தபடியே ஒரு கைப்பிடியை இழுத்தால் வெளியே ரப்பர் பட்டை துடைக்கிற கருவியை யோசித்தார். 1903 நவம்பர் 10-ல் காப்புரிமை கிடைத்தது. ஒரு கம்பெனியிடம் விற்கப் பார்த்தார், இதற்கு வியாபார மதிப்பில்லை என்று சொல்லிவிட்டார்களாம்! அவருக்கு அதில் காசு கிடைக்கவேயில்லை. இன்று நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளே, முன் கண்ணாடி உள்ள வண்டிக்கு ஒழுங்காக வேலை செய்கிற வைப்பர் வேண்டும் என்கின்றன.

இரண்டு பிளேடுக்கும் சேர்த்து ஒரு சாதாரணப் புடவை விலைகூட ஆகாது. தீபாவளிக்கு எண்ணெய், சீயக்காய், துணிமணி என்று லிஸ்ட் போடும்போது இதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இந்த வருஷம் மருமகளே அளந்து, வாங்கி, மாட்டிவிட்டாள். பேரன் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

உங்கள் வண்டி வைப்பரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? இதழை மூடி வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் அந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.