இறுதி நாளின் சுமை

மாணவர்களே, ஜூலை மாத இறுதியில் வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தைக் கண்டிருக்கிறீர்களா? நள்ளிரவு நெருங்கும் வேளையிலும் அங்கே விளக்கு எரியும். மேசைமீது உணவு ஆறிக் கிடக்கும். கைபேசி ஓயாது ஒலிக்கும்.

மாத ஊதியம் பெறுவோர் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வழக்கமான இறுதி நாள் ஜூலை 31. ஊதியத்திற்கும் வரிப் பிடித்தத்திற்கும் சான்றான படிவம் 16ஐ ஜூன் 15க்குள் அலுவலகம் வழங்குதல் வேண்டும். இடையில் ஆறு வாரங்கள் இருந்தும், பலர் இறுதி வாரத்தில்தான் ஆலோசகரை நாடுகின்றனர்.

அவர் பணி எண்களை நிரப்புவது மட்டுமன்று. பிடித்த வரி, அரசின் பதிவான படிவம் 26ஏ.எஸ்.ஸில் ஏறியுள்ளதா என ஒப்பிட வேண்டும். வங்கி வட்டி விடுபடாமல் பார்க்க வேண்டும். கொடுக்காத வாடகையைக் கணக்கில் காட்டச் சொல்வோரிடம், "இயலாது" என மறுக்கவும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் நிதானம் தேவை. அவசரத்தில் பிழை நேர்ந்தால், விளக்கம் கேட்டு வரும் அறிவிப்பு வரி செலுத்துவோருக்கே வரும். தாமதித்தாலோ, ரூ.5,000 வரை கட்டணம் உண்டு.

"கட்டணம் பெறுகிறாரே, உழைக்கட்டும்" என்பர் சிலர். நாம் தரும் கட்டணம் அவருடைய அறிவுக்கும் உழைப்புக்கும் உரியது. நம் சோம்பலைச் சுமப்பதற்கு உரியதன்று என்பதே என் கருத்து.

ஆகவே, உங்கள் இல்லத்தில் படிவம் 16 வந்தவுடன், வங்கிக் கணக்கு விவரம், காப்பீட்டு ரசீது ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வைக்கப் பெற்றோருக்கு உதவுங்கள். அந்த ஆலோசகரும் தம் பிள்ளைகளோடு அமர்ந்து இரவு உணவு உண்ணட்டும்.