ஊழியம் என்னும் சொல்



இந்தக் கோடை விடுமுறையில் நம் வட்டாரத்தில் நடந்த வாலிபர் முகாம் ஒன்றில், இயந்திர மனிதர்களைப் பற்றிய கதைகளையும் திரைப்படங்களையும் கிறிஸ்தவப் பிள்ளைகள் தொடலாகாது என்று ஒரு தேவ ஊழியர் கண்டித்துப் பேசினார். மனித சாயலில் இன்னொன்றைச் செய்வது சிருஷ்டிகருக்கு விரோதமான மேட்டிமை, அதைக் கற்பனை செய்து மகிழ்வதும் அதே பாவம் என்பது அவருடைய வாதம். பனவடலிசத்திரத்திலிருந்து போயிருந்த நம் பிள்ளைகள் திரும்பிவந்து, "ஐயா, அது மெய்தானா?" என்று என்னிடம் கேட்டார்கள். மெய்யன்று. அந்தப் பிரசங்கத்தை மறுத்தே இவ்வாரம் எழுதுகிறேன்.

அக்கதைகள் யார்மேல் குற்றம் சாட்டுகின்றன என்பதை அந்தச் சகோதரர் முதலில் பார்த்திருக்க வேண்டும். 'ரோபோ' என்ற சொல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய ஒரு நாடகத்தின் வழியாகவே உலகெங்கும் பரவியது. அந்நாடகத்து ரோபோக்கள் இரும்புப் பொம்மைகள் அல்ல. தொழிற்சாலையில் உருவாக்கப்பட்ட, பார்வைக்கு மனிதரைப் போன்றே இருக்கிற உடல்கள். கூலி கேட்கமாட்டா, ஓய்வு கேட்கமாட்டா என்பதற்காகவே அவை விற்கப்படுகின்றன. கடைசியில் அவை கிளர்ந்தெழுந்து மனித குலத்தை அழிக்கின்றன. ஆல்குவிஸ்ட் என்ற ஒருவனை மட்டும் உயிரோடு விடுகின்றன. அவனும் தங்களைப் போலக் கைகளால் உழைக்கிறவன் என்பதே அதற்குக் காரணம். இதைச் சிருஷ்டிப்பைப் பற்றிய கதை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இது உழைப்பையும் கூலியையும் பற்றிய கதை.

அந்தச் சொல்லின் வேரும் அதுவே. செக் மொழியில் 'ரோபோட்டா' என்பது, நிலவுடைமையாளருக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலை. இதற்கு நேரான தமிழ்ச் சொல்லை அகராதியில் தேட வேண்டியதில்லை, பிரியமானவர்களே. அது நம் சபைகளின் பெயர்ப்பலகைகளிலேயே இருக்கிறது. ஊழியம்! நமக்கு அண்டையிலிருந்த திருவிதாங்கூர் இராஜ்யத்தில், ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் அரசும் மேல்சாதியாரும் கூலியில்லாமல் வாங்கிய வேலைக்கு அதுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஞாயிற்றுக்கிழமையிலாவது விசுவாசிகளுக்கு அந்த ஊழியத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று மிஷனரிமார் அரசிடம் வழக்காடினார்கள். நம் முன்னோர் ஆராதனைக்கு வந்து உட்காருவதற்கே அந்த விலக்கு வேண்டியிருந்தது. இன்று அதே சொல்லை நாம் பட்டம்போல் அணிந்துகொண்டிருக்கிறோம். அது யாருடைய முதுகில் எழுதப்பட்டிருந்தது என்பதை மறந்துவிட்டோம்.

தமிழில் இவ்வகைக் கதையை இளைஞரிடம் கொண்டு சேர்த்தவர் சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் வெளிவந்த அவருடைய 'என் இனிய இயந்திரா'வை, இன்று நரைத்திருக்கும் நம்மில் பலர் வாரந்தோறும் காத்திருந்து வாசித்தோம். (நானும் வாசித்தேன், அதனால் என் விசுவாசம் தளர்ந்ததாக நினைவில்லை.) அந்த நாட்டில் மனிதருக்கு இரண்டெழுத்துப் பெயர்தான், மற்றபடி அவர்கள் எண்கள். பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். எல்லாரும் வணங்கி நடுங்குகிற ஜீவா என்னும் தலைவனோ வெறும் ஒளிப்பிம்பம். மனிதர் இயந்திரங்களைப்போல் கீழ்ப்படிந்துகொண்டிருக்க, ஜீனோ என்ற இயந்திர நாய் ஒன்றுதான் புத்தகம் வாசித்துக் கேள்வி கேட்கிறது. விக்கிரகத்தை இதைவிடத் தெளிவாக யார் தோலுரித்துக் காட்ட முடியும்? சங்கீதம் 115இன் எட்டாம் வசனத்தை எடுத்து வாசியுங்கள். விக்கிரகங்களைச் செய்கிறவர்களும் அவற்றை நம்புகிறவர்களும் அவற்றைப் போலவே ஆகிவிடுவார்கள் என்கிறான் சங்கீதக்காரன். இயந்திரம் மனிதனாகும் என்ற பயம் வேதத்தில் இல்லை. மனிதன் ஜடமாவான் என்ற எச்சரிப்பு இருக்கிறது.

அது எதிர்காலத்துக் கதையுமன்று. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பல, 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நம் தென்மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை அழைத்துச் சென்றதை நீங்கள் அறிவீர்கள். விடுதியில் தங்கி மூன்று ஆண்டு வேலை. முடிவில் மொத்தமாக ஒரு தொகை, பெரும்பாலும் 30,000 முதல் 50,000 ரூபாய்வரை. நடுவில் உடல் நலிந்து வீடு திரும்பினால் அந்தத் தொகை கைக்கு வருவது அரிது. அப்படிப் போய்த் திரும்பிய ஒரு பிள்ளையின் வீட்டுக்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். மூச்சிரைப்புக்கு நடுவே அவள் சொன்னாள்: "அங்கன பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாவ, ஐயா. மிஷின் நம்பரத்தான் சொல்லுவாவ." சுஜாதாவின் கதையை அவள் வாசித்ததில்லை.

கூலிக்காரருக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியின் கூக்குரல் கர்த்தருடைய செவிகளில் எட்டுகிறது என்று யாக்கோபு 5:4 கூறுகிறது. அந்தக் குரல் நம் செவிகளில் ஏன் எட்டவில்லை? முகாமில் ஒரு மணி நேரம் கற்பனை ரோபோக்களைக் கடிந்துகொண்ட அந்தச் சகோதரர், அதே பந்தலில் அமர்ந்திருந்த தாய்தகப்பன்மாரை நோக்கி வரதட்சணையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. 'சுமங்கலி' என்று அத்திட்டத்துக்குப் பெயர் வைத்தது ஆலைக்காரனாக இருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் பவுனுக்காகவே பிள்ளைகள் வேனில் ஏறினார்கள். அப்படிக் கேட்டவர்களில் நம் சபையாரும் உண்டு. திருவிருந்தில் பங்குபெறுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய வீட்டு மணவிழாக்களில் நின்று ஆசீர்வதித்தவன் நான். இதை எழுதும்போது என் பெயரையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒவ்வொரு விவாகத்துக்கும் முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். இதற்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று கேட்கிறோம். இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் எழுந்து, இந்தப் பெண்ணின் கழுத்து நகைக்கு மூன்று வருஷம் பஞ்சுத்தூசியில் உழைத்தது யார் என்று கேட்டதில்லை. அடுத்த ஓலையை வாசித்துவிட்டு, அந்தக் கேள்வியை நானே கேட்கப்போகிறேன்.