மது வருவாயில் ஆயிரத்தில் ஒரு பங்கு

கடலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனை கடலூரில். அரசு மருத்துவக் கல்லூரியோ சிதம்பரத்தில். கடலோரச் சிற்றூர்களில் வாழும் ஒருவர் மனச்சோர்வுக்கோ குடிநோய்க்கோ சிகிச்சை பெற, ஒரு நாள் கூலியை இழந்து இவற்றில் ஒன்றுக்குச் செல்ல வேண்டும். இத்தகையோரைத் தேடிச் சிகிச்சை செல்ல வேண்டும் என்பதற்காகவே 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவானது.

ஆனால், பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அதற்கென வகுக்கப்பட்ட மானியம் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ரூ.83.2 லட்சம் மட்டுமே. மதுவால் பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாக 2015-16 தேசிய மனநல ஆய்வு கூறியது.

2024 ஜூனில் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் அரசு அறிவித்த நிவாரணம் ரூ.10 லட்சம். அது தேவையான உதவிதான். எனினும், ஒன்பது குடும்பங்களின் நிவாரணத் தொகையே ஒரு மாவட்டத்தின் ஓராண்டு மனநல மானியத்தை விஞ்சிவிடுகிறது.

2023-24-இல் மது விற்பனையால் தமிழக அரசுக்குக் கிடைத்த வருவாய் ரூ.45,855 கோடி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை 38 மாவட்டங்களுக்கும் பகிர்ந்தால், மாவட்டத்துக்குச் சுமார் ரூ.1.2 கோடி கிடைக்கும். மதுவை விற்றே மது நோயைத் தீர்ப்பதா என்று கேட்கலாம். விற்பனை எப்படியும் நடக்கிறதே! அப்பணம் விழிப்புணர்வுப் பேரணிகளில் கரையாமல், வீடுதேடிச் செல்லும் மனநலச் சமூகப் பணியாளர்களின் நிரந்தர ஊதியமாக வேண்டும். ஒப்பந்தம் முடிந்து பணியாளர் மாறும்போதெல்லாம், குடியை விட முயல்பவர் தம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் மீண்டும் வருவதில்லை.